ராகு காலத்தில் ஒரு படகு

ஐம்பதைத் தாண்டிய ஆண்களை ஏதாவது ஒன்று வந்து பிடித்துக்கொள்கிறது. என் நண்பர்களில் ஒருவர் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினார். இன்னொருவர் கோயில் கமிட்டித் தேர்தலில் நின்றார். மற்றொருவர் தான் சாப்பிடுவதையெல்லாம் படம் எடுத்துக் குடும்ப வாட்சப்பில் போட ஆரம்பித்து, இன்றுவரை நிறுத்தவில்லை. என்னைப் பிடித்தது கயாக் என்ற ஒல்லியான துடுப்புப் படகு. அதை வாங்கும் ஆசை வந்திருந்தால் வீட்டில் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். எனக்கு வந்தது செய்யும் ஆசை.

மெல்லிய மரக்கீற்றுகளை ஒன்றோடு ஒன்று விளிம்பில் ஒட்டிக்கொண்டே போய்ப் படகாக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் பிளைவுட்டில் வளைவு வளைவாக அச்சுகள் வெட்டி, ஒரு நீளமான சட்டத்தின் மேல் வரிசையாக நிறுத்த வேண்டும். அதன் மேல் கீற்றுகளை வளைத்து ஒட்ட வேண்டும். பிறகு வெளியேயும், அச்சுகளை உருவிவிட்டு உள்ளேயும், கண்ணாடி இழைத் துணியை விரித்து எப்பாக்சி என்ற திரவப் பசையை ஊற்றினால், துணி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோய், மரம் மட்டும் பளபளக்கும். கடைசியில் இறகு போன்ற படகு. இவ்வளவுதான். புத்தகத்தில் படித்தபோது இவ்வளவுதான் என்றே எனக்கும் தோன்றியது.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் என் கையால் செய்த ஒரே மரப்பொருள் ஒரு புத்தக அலமாரி. அது சுவரில் இருந்த நாள்களைவிடத் தரையில் கிடந்த நாள்கள் அதிகம். பிழைப்புக்கு, எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டி அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். எதையும் செய்யாமலே எல்லாவற்றையும் பற்றிக் கருத்துச் சொல்லும் வேலை என்பதால் எனக்கு இயல்பாகவே வந்தது.

கற்றுக்கொடுத்தவர் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர். பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, ஹீட்டர் ஓடும் கொட்டகைக்குள் நின்று பேசுவார். நான் ஜெலுத்தோங்கில், துத்தநாகக் கூரை போட்ட கார் போர்ச்சில், பனியனோடு நின்று கேட்பேன். அவர் தேவதாரு மரத்தில் செய்தார். எனக்கு ஜெலுத்தோங் மரமே கிடைத்தது. எங்கள் வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த மரம். வட்டாரத்தில் இப்போது ஒன்றுகூடக் கிடையாது. அக்கரையில் ஒரு மரக்கடையில் சொல்லிக் கீற்றுகளாக அறுத்து வாங்கினேன். கடைக்காரச் சீனர் எதற்கு என்று கேட்டார். சம்பான் படகு செய்யப்போகிறேன் என்றேன். என் கைகளைப் பார்த்தார். பிறகு உடையும் என்று சொல்லிக் கொஞ்சம் கூடுதலாகவே அறுத்துக் கொடுத்தார். அவருக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அந்தக் கூடுதல் எல்லாமே தேவைப்பட்டது.

வரைபடத்தை முதலில் பார்த்தது என் மனைவி.

"ஒரு ஆள் உக்கார்ற போட்டா? அப்ப அண்ணன் எங்க உக்காருவாரு?"

"அண்ணனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டு சீட் வைங்க. இல்லாட்டி கார் போர்ச்ச மறந்துடுங்க."

இப்படித்தான் என் ஒற்றை ஆள் கயாக், இரட்டை ஆள் கேனூ ஆனது.

அண்ணன் என்றது அவளுடைய ஒரே அண்ணனை. எனக்கு மச்சான். அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கிறார், அங்கேயே ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுதும் ரயிலின் நேரம் பார்த்தவர், ஓய்வுக்குப் பிறகு பஞ்சாங்கத்தில் நேரம் பார்க்கத் தொடங்கினார். குடும்பத்தில் யார் வீடு மாறினாலும், கார் எடுத்தாலும், முதல் போன் அவருக்குத்தான் போகும். படகு வேலைக்கு முந்திய வருடம் அவர் மனைவி இறந்துபோனார். நல்லபடியாகத் திரும்பி வந்துவிடுவார் என்று எல்லோரும் நம்பி அனுப்பிய ஓர் அறுவைச் சிகிச்சை. அதோடு மச்சான் வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். போன் செய்தால் எடுப்பார். "ம்", "சரி", "சாப்ட்டேன்" என்பதற்கு மேல் எதுவும் வராது. நேரம் கேட்டு வந்த போன்களை எடுப்பதையும் விட்டுவிட்டார். அவரை எப்படியாவது வெளியே இழுக்க வேண்டும் என்று என் மனைவி எத்தனையோ செய்து பார்த்திருந்தாள். கோயிலுக்குக் கூப்பிட்டாள், கேமரன் மலைக்குக் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை.

இந்த முறை வேறு மாதிரிப் பேசினாள். "அண்ணே, இவரு ரம்பத்த வாங்கி வச்சிருக்காரு. இவரப் பத்தி ஒங்களுக்குத் தெரியும். வெரல வெட்டிக்குவாரு. ஞாயித்துக்கெழம வந்து பக்கத்துல நின்னுட்டுப் போங்க."

மச்சான் வந்தார். என் விரல்களின் மேல் அவருக்கு இருந்த கவலை, கேமரன் மலையைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. என் கையாலாகாத்தனம் குடும்பத்துக்குப் பயன்பட்டது அதுவே முதல் முறை.

காலை ஃபெரியில் வருவார். நான் போய்த் துறையிலிருந்து அழைத்து வருவேன். கீற்று ஒட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒருவர் நடுவில் பசை தடவி ஸ்டேப்பிள் அடித்துக்கொண்டு போகும்போது, மற்றவர் நுனியைப் பிடித்து, முறுக்கி, அது திமிறாமல் வைத்திருக்க வேண்டும். மச்சான் நுனியைப் பிடித்தார். பேசமாட்டார். நான் ஒரு கீற்றைத் தலைகீழாக ஒட்டினாலும் ஒன்றும் சொல்லாமல், அதைக் கழற்றும்போதும் அதே போலப் பிடித்திருப்பார். மதியம் சூலியா தெருவிலிருந்து நான் வாங்கி வந்த நாசி கண்டார் சோற்றை மூன்று பேரும் சாப்பிடுவோம். அவர் பாதியை ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார்.

சில வாரங்களில், கவிழ்த்துப் போட்ட படகின் உருவம் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் மச்சான் கொஞ்சம் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மாப்ள, இது சவப்பெட்டி மாதிரில்ல இருக்கு."

சமையலறையில் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. ரெண்டு பேர் போகலாம் மச்சான், வசதியா இருக்கும் என்று உளறினேன். அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பு என்று அன்றிரவு மனைவி அடித்துச் சொன்னாள். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்தார். இந்தக் கீற்று கருப்பாயிருக்கு, அந்தப் பக்கம் போடு என்பார். பசை வழியுது பாரு என்பார். சாப்பாட்டை ஒதுக்குவதும் குறைந்தது. படகு கரடுமுரடாக வளர்ந்துகொண்டிருந்தது. மனைவி அதைப் பார்க்கவே மாட்டாள். அவர் தட்டைத்தான் பார்ப்பாள்.

கீற்றெல்லாம் ஒட்டி, தேய்த்து, துணி விரிக்கும் கட்டம் வந்தது. திரும்பிப் போக முடியாத கட்டம் அது. எப்பாக்சியை ஊற்றிவிட்டால் ஊற்றியதுதான். நான் பயந்துபோயிருந்ததை மச்சான் பார்த்திருக்க வேண்டும். கை கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"பெரிய காரியம் மாப்ள. நேரம் பாத்து ஆரம்பிப்போம்லா."

மனைவி இறந்த பிறகு அவர் நேரம் என்ற சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை. ஜன்னல் வழியாக என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும். அவர் நள்ளிரவு என்று சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன். அவர் சொன்னது ஞாயிறு காலை ஏழே முக்கால். நல்ல நேரம்.

அந்த ஞாயிறு அழகாகத்தான் விடிந்தது. மனைவி வாசலில் கற்பூரம் காட்டினாள். மச்சான் முதல் கோப்பையை ஊற்றினார். வெள்ளைத் துணி நனைந்து நனைந்து காணாமல் போக, அடியிலிருந்து மரத்தின் ரேகைகள் தேன் நிறத்தில் எழுந்து வந்தன. நான் எப்பாக்சியை வழித்து இழுக்கும் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பாத்தியா, பாத்தியா என்று மச்சான் என்னை இடித்தார். முடித்துவிட்டு மூன்று பேரும் உள்ளே போய்த் தேநீர் குடித்தோம். அவர் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால், படகுக்கு அம்மை போட்டிருந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. துணிக்கு அடியில் ஆயிரக்கணக்கில் குமிழிகள். சில இடங்களில் துணியே மரத்தை விட்டு எழும்பி வெள்ளித் திட்டாக நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக வந்துகொண்டிருந்தன. நான் ஓடி ஓடி ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. அதற்குள் எப்பாக்சி இறுகிவிட்டது. குறை கண்டுபிடிப்பதில் இத்தனை வருட அனுபவம் உள்ளவன் நான்; அன்றைக்கு ஒரு குறையைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை.

மச்சான் கையைத் துடைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். ஃபெரித் துறைக்கு வண்டியில் போகும் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அவளையும் நல்ல நேரம் பாத்துத்தான் ஆஸ்பத்திரியில சேத்தேன். இனி யாருக்கும் நான் நேரம் பாக்கமாட்டேன் மாப்ள."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் "ம்", "சரி", "சாப்ட்டேன்". கார் போர்ச்சில் படகு ஒரு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. தூக்கி எறிந்திருக்கலாம். படகு போனால் எனக்குப் போவது ஒரு பொழுதுபோக்கு. ஆனால் அந்தக் குமிழியெல்லாம் தன் கைராசி என்று அவர் நம்பிக்கொண்டு அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவரை இனி எதைச் சொல்லி வெளியே கொண்டுவருவது?

மனைவி ஒரு நாள் மாலை என் போனைப் பிடுங்கிக்கொண்டு, அந்த வெள்ளைக்காரர் துணி விரிக்கும் வீடியோவை முதலிலிருந்து போட்டாள். நான் பத்துத் தடவை பார்த்தது. பாதியில் நிறுத்தினாள்.

"இங்க ஹீட்டர அணைக்கிறாரு பாருங்க. அணைச்சிட்டுத்தான ஊத்துறாரு. அது ஏன்?"

அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. எங்களிடம் ஹீட்டர் இல்லை, ஆகவே நமக்குத் தேவையில்லை என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிட்ட இடம். இப்போது ஒழுங்காகக் கேட்டேன். மரம் சூடாகிக்கொண்டிருக்கும்போது அதற்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும்; ஆறிக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் மரமே பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று அந்த மனிதர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழில் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ.

"நம்ம வீட்டு ஹீட்டர் எங்க இருக்கு தெரியுமா?" என்று கேட்டு, மனைவி துத்தநாகக் கூரையைக் காட்டினாள்.

காலை ஏழே முக்காலிலிருந்து பதினொரு மணிவரை அந்த ஹீட்டரை யாரும் அணைக்கவில்லை.

மறுநாள் நான் விடுப்புப் போட்டேன். இருவரும் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போனோம். மச்சான் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்டார். நான் மேசையில் போனை வைத்து வீடியோவைப் போட்டு, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். நேரத்தில் தப்பில்லை, வெயில்தான் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்காகச் சும்மா சொல்கிறான் என்ற சந்தேகம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதோ ஆனது.

"தண்டவாளம் மாதிரி," என்றார். "வெயில்ல நீளும். அதுக்குத்தான நடுவுல கேப் வுடுவோம். மத்தியானத்துல அத மாட்ட மாட்டாங்க."

"அதேதான் மச்சான்."

"அப்ப வெயில் எறங்குறப்ப ஊத்தணும்."

என் மனைவி பேச்சை விடவில்லை. சனிக்கிழமை மாலை எங்கள் தெருவில் பாசார் மாலாம், இரவுச் சந்தை. சாத்தே கறி சுடும் புகையும் கூட்டமுமாக இருக்கும், ஈரப் பசையில் எல்லாம் ஒட்டும். வார நாள்களில் நான் பாலத்து நெரிசலில் நின்று வீடு வந்து சேர இருட்டிவிடும். ஆக மிச்சமிருப்பது ஞாயிறு மாலை. அதைச் சொல்லிவிட்டு அவளும் நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஆறு வரை என்ன என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சுவரில் தொங்கிய நாள்காட்டிக்கும் தெரியும்.

மச்சான் நாள்காட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் முன்னாலேயே, மூன்று மணிக்கு ஆரம்பித்துவிடலாமா என்று நான் கேட்டேன்.

"அது குளிகை. குளிகையில செய்யறது திரும்பத் திரும்ப நடக்கும்."

அந்தப் படகை மறுபடி மறுபடி தேய்ப்பதை நினைத்துப் பார்த்தேன். குளிகை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

மச்சான் நாள்காட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். "ராகு காலத்துலதான துர்க்கைக்கு வெளக்குப் போடுறாங்க. அந்த நேரத்துல அவ கேப்பாளாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எலுமிச்சம் பழம் வாங்கி வையி."

கடைசி வரி அவர் தங்கைக்கு. அவள் அவர் மனம் மாறுவதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுவதும் நான் வேலை முடிந்து வரும்போது மச்சான் எங்கள் வீட்டில்தான் இருந்தார். யாரும் அழைத்து வரவில்லை. தானே ஃபெரியும் பஸ்ஸுமாக வந்துவிட்டார். சூடான காற்றடிக்கும் கருவியை வைத்துக் கெட்டுப்போன துணியை உரித்துக்கொண்டிருப்பார். அல்லது உப்புத்தாளால், இங்கே கடையில் கெர்த்தாஸ் பாசிர் என்று கேட்டால்தான் தருவார்கள், தேய்த்துக்கொண்டிருப்பார். தலை, புருவம் எல்லாம் தூசியில் வெள்ளையாகி, மாவு மில்லிலிருந்து வந்தவர் போல நிற்பார். நான் பையை வைப்பதற்குள், நேற்று நீ தேய்த்த இடம் பள்ளமாக இருக்கிறது என்று காட்டுவார். என் தரக்கட்டுப்பாட்டுக்கே தரக்கட்டுப்பாடு. பக்கத்து வீட்டுச் சீன அம்மா அவருக்கு முகமூடி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எனக்கு ஒன்றும் கொடுக்காமல் போனார்.

ஞாயிறு. நாலரை. எதிரே இருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால் வெயில் இறங்கி, கூரை டக் டக்கென்று சத்தம் போட்டுச் சுருங்க ஆரம்பித்தது. மனைவி எலுமிச்சை மூடிகளில் நெய் ஊற்றி விளக்கேற்றிக்கொண்டு வந்தாள். தூரிகை கழுவ நான் திறந்து வைத்திருந்த சட்டென்று தீப்பற்றும் அசிட்டோன் டின் அவள் காலடியில் இருந்தது. நான் போட்ட கூச்சலில் துர்க்கையே திடுக்கிட்டிருப்பாள். விளக்குகள் வெளிக்கதவுக்குப் பக்கத்தில், குழாயடிக்குப் போயின. அங்கிருந்து அவை ஒழுங்காகவே எரிந்தன.

மச்சான் கோப்பையை என்னிடம் நீட்டினார். நீ ஊற்று என்பது போல. நான் வாங்கவில்லை. கையில் கையுறை சரியாக மாட்டவில்லை என்று காரணம் சொன்னேன், பொய்தான். அவர் சற்று நின்றார். பிறகு ஊற்றினார்.

துணி கரைந்தது. மரம் எழுந்தது. இந்த முறை யாரும் தேநீர் குடிக்க உள்ளே போகவில்லை. முக்காலிகளைப் போட்டுக்கொண்டு படகைச் சுற்றி உட்கார்ந்து, நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சான் டார்ச் லைட்டை அடித்து ஓரங்குலம் விடாமல் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. ஆறு மணி அடித்த பிறகும் இல்லை. வழக்கமாகப் போகும் ஃபெரியை அவர் தவறவிட்டார். ரயில்வேக்காரர் ஒருவர் எதையாவது தவறவிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, ரசத்தை இரண்டாம் முறை கேட்டார். மனைவி ஊற்றிவிட்டு, எதையோ மறந்துவிட்டது போலச் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

உள்பக்கத்துக்கும் துணி விரித்து, விளிம்பு கட்டி, இருக்கை வைத்து, தெலுக் பஹாங் கடற்கரையில் கொண்டுபோய் இறக்கினோம். தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்த ஒரு காலை. மச்சான் முன்னால், நான் பின்னால். கேனூவில் பின்னால் இருப்பவன்தான் திசை திருப்ப வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தைப் படகு படித்திருக்கவில்லை. முதலில் ஒரு வட்டம் போட்டோம், பிறகு எதிர்த் திசையில் இன்னொன்று. வலைகளைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வழியாக நேராகப் போகத் தொடங்கியதும் படகு சத்தமே இல்லாமல் நழுவியது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. இவ்வளவு பேர் சேர்ந்து எனக்குச் செய்து கொடுத்ததை நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அப்போது வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டேன்.

மச்சானின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ இருந்திருந்தா இதுல ஏறியிருக்க மாட்டா மாப்ள," என்றார். "கரையில நின்னு திட்டிக்கிட்டு இருந்திருப்பா."

தன் மனைவியைப் பற்றி, அந்த ஆஸ்பத்திரியைச் சேர்க்காமல், அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. அவர் தோள் குலுங்கியது. இந்தத் தடவை அது சிரிப்புதானா என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. கரையில் என் மனைவி முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அண்ணே, லைஃப் ஜாக்கெட்ட இழுத்துக் கட்டுங்க, இவர நம்பாதீங்க என்று கத்திக்கொண்டிருந்தாள். மச்சான் திரும்பாமலே ஜாக்கெட்டின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு, துடுப்பை எடுத்தார்.